எந்த வயர் போனால் எது நிற்கும்?

ஆலையில் புதிய லைன் வருகிறது என்றால் பேனல் வரைய ஒருவர், பி.எல்.சி. புரோகிராம் எழுத ஒருவர், ரோபோவுக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துவிடுவார்கள். இவை அத்தனையையும் ஒன்றோடொன்று பேசவைக்கிற ஈதர்நெட் அமைப்புக்கு நேரே மட்டும் யார் பெயரும் இருக்காது. "அது ஐ.டி. வேலை" என்பார் புரோகிராமர். ஐ.டி. ஆட்களோ அலுவலகக் கட்டடத்தின் வாசலோடு தங்கள் எல்லை முடிந்தது என்பார்கள். கடைசியில் பேனல் கான்ட்ராக்டர் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி மாட்டி, எந்தக் கேபிள் எங்கே எட்டுகிறதோ அங்கே செருகிவிட்டுக் கிளம்புவார். லைன் ஓடும். பல மாதம் குறையில்லாமல் ஓடும். பிறகு ஒருநாள் இரவு ஷிஃப்டில் காரணமே தெரியாமல் நிற்கும்.

ஓரகடத்திலோ ஓசூரிலோ கோவையிலோ ஆட்டோமேஷன் வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவருக்கு யாரும் உரிமை கொண்டாடாத இந்த வேலைதான் நல்ல வாய்ப்பு. லேடர் லாஜிக் எழுதுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த லாஜிக் ஓடும் நெட்வொர்க்கைக் காகிதத்தில் வரைந்து, ஏன் அப்படி வரைந்தேன் என்று காரணம் சொல்லக்கூடியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வரைய உட்காரும் பலர் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி: 100 மெகாபிட் போதுமா, கிகாபிட் வேண்டுமா? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வி வேறு. இந்த வயர் அறுந்தால், இந்த ஸ்விட்ச் செத்தால், இந்தக் கருவி பைத்தியம் பிடித்தாற்போல் பாக்கெட்டுகளை அள்ளி வீசினால், எது எது நிற்கும்? எது நிற்கக் கூடாது?

அணுமின் நிலையத்தில் ஒரு வெள்ளம்

2006 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் மூன்றாவது அலகில், உலைக்குள் நீரைச் சுழலவைக்கும் இரண்டு பம்புகளும் ஒருசேர நின்றன. இயக்குபவர்கள் உலையைக் கையால் நிறுத்த வேண்டியதாயிற்று. பம்புகளில் பழுதில்லை. அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவ்களின் கன்ட்ரோலர்கள்தான் உறைந்துபோயிருந்தன. அதே நெட்வொர்க்கில், நீரைச் சுத்திகரிக்கும் வேறொரு அமைப்பின் பி.எல்.சி.யும் செயலிழந்து கிடந்தது. நெட்வொர்க்கில் அளவுக்கு மீறிய போக்குவரத்து ஏற்பட்டு, அதைத் தாங்காமல் டிரைவ் கன்ட்ரோலர்கள் முடங்கின என்று முடிவானது. பி.எல்.சி. கெட்டு அது டிரைவ்களைச் சாய்த்ததா, வேறெங்கிருந்தோ வந்த வெள்ளம் இரண்டையும் சாய்த்ததா என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் மற்ற நிலையங்களுக்கும் இதைப் பற்றி எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது.

இதில் ஹேக்கர் இல்லை, வைரஸ் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கருவிகள் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன, அவ்வளவுதான். சுத்திகரிப்பு பி.எல்.சி. அனுப்பும் எந்தத் தகவலும் பம்புக்குத் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பாக்கெட்டுகள் பம்பின் கதவைத் தட்ட வழி இருந்தது. அந்த டிரைவ்களுக்கும் பி.எல்.சி.க்கும் முன்னால் ஃபயர்வால் வைத்து, யார் எவ்வளவு பேசலாம் என்று கட்டுப்படுத்தியதுதான் அங்கே கிடைத்த தீர்வு. அந்தத் தடுப்பை நீங்கள் முதல் நாளே படத்தில் போட்டுவிடலாம். காகிதத்தில் ஒரு கோடு போட என்ன செலவு?

பட்டியலில் தொடங்குங்கள்

பெயின்ட் ஷாப் கன்வேயர் ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பி.எல்.சி., 12 ரிமோட் ஐ.ஓ., 8 டிரைவ், 2 எச்.எம்.ஐ. கட்டடத்தின் நீளம் 220 மீட்டர். மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு எக்செல் தாளைத் திறங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி. அது எங்கே இருக்கிறது, யாரோடு பேச வேண்டும், எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பேச வேண்டும், அது மௌனமானால் எது நிற்கும். கடைசிப் பத்தியை நிரப்ப மெக்கானிக்கல் ஆட்களிடமும் உற்பத்தி மேற்பார்வையாளரிடமும் போய் உட்கார வேண்டியிருக்கும். சலிக்காமல் போங்கள். "அந்த டிராலி ஸ்டாப்பர் நின்னா என்ன தம்பி, ஓவன்ல இருக்குற பாடி எல்லாம் கருகிடும்ல" என்று ஓர் அண்ணன் போகிறபோக்கில் சொல்வது எந்த ஸ்பெசிஃபிகேஷனிலும் இருக்காது.

மில்லிசெகண்ட் பத்தியில்தான் சோம்பேறித்தனம் நடக்கும். எல்லாவற்றுக்கும் 10 மில்லிசெகண்ட் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கருவிகள், ஒவ்வொன்றும் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இரு திசையிலும் பேசினால் ஒரு கருவிக்கு நொடிக்கு 200 பாக்கெட். மொத்தம் 4,000. பாக்கெட்டுகள் சின்னவை. வயரில் இது மூன்று மெகாபிட்டைச் சுற்றித்தான் வரும், 100 மெகாபிட்டில் மூன்று சதவீதம். வயர் காலியாகக் கிடக்கிறது. ஆனால் அந்த 4,000 பாக்கெட்டும் போய்ச்சேருவதும் கிளம்புவதும் பி.எல்.சி.யின் ஒரே ஒரு போர்ட்டில். நொடிக்கு எத்தனை பாக்கெட், எத்தனை கனெக்‌ஷன் என்று அந்த போர்ட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அது கேட்டலாக்கில் அச்சிட்டிருக்கும். இறுக்கம் வரும் இடம் அதுதான். கிகாபிட் ஸ்விட்ச் வாங்கிப் போட்டால் இது தீராது. தொட்டி மட்டத்தைப் பார்க்கும் சென்சாருக்கு 100 மில்லிசெகண்ட் தாராளம். அதைக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் இடத்தை உண்மையிலேயே வேகம் தேவைப்படும் டிரைவுக்கு வையுங்கள்.

ரோபோவும் சர்வோ அச்சுகளும் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே இம்மி பிசகாமல் சேர்ந்து நகர வேண்டும் என்றால் அது வேறு உலகம். ஈதர்கேட், ப்ரொஃபினெட் ஐ.ஆர்.டி. போன்றவை அதற்காகவே வந்தவை. அந்த அச்சுகளைத் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டு மற்றதைச் சாதாரண முறையில் ஓட்டுவது நிம்மதி.

நட்சத்திரம், சங்கிலி, வளையம்

வடிவத்துக்கு வருவோம். நடுவில் ஸ்விட்ச், சுற்றிலும் கருவிகள் என்பது நட்சத்திரம். ஒரு வயர் போனால் ஒரு கருவி மட்டும் போகும். ஆனால் 220 மீட்டர் கட்டடத்தில் எல்லா வயரையும் ஒரே பேனலுக்கு இழுத்தால் கேபிள் செலவு ஏறும், தூரமும் இடிக்கும். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதில் 90 மீட்டர் நிலையான கேபிள், மிச்சம் இரு முனையிலும் பேட்ச் கார்டு. இந்த 100 மீட்டரைத் தரையில் டேப் பிடித்து அளக்காதீர்கள். கேபிள் ட்ரே மேலே ஏறி, சுற்றி வளைந்து, மறுபடி இறங்கும் வழியை அளக்க வேண்டும். தரையில் 80 மீட்டர் என்று காட்டுவது ட்ரேயில் 100ஐத் தாண்டிவிடும்.

இப்போது வரும் ரிமோட் ஐ.ஓ.க்களிலும் டிரைவ்களிலும் பெரும்பாலும் இரண்டு போர்ட் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாக இழுத்துக்கொண்டே போகலாம். நீளமான கன்வேயருக்குக் கச்சிதம், மலிவு. இதில் இரண்டு சங்கடம். ஒன்று, நடுவில் ஒரு டிரைவின் மின்சாரத்தை நிறுத்தினால் அதற்கு அந்தப் பக்கம் இருப்பவை அத்தனையும் காணாமல் போகும். பராமரிப்புக்காக ஒரு பேனலை லாக் அவுட் செய்தவுடன் பக்கத்து மண்டலம் நின்றுவிட்டது என்று புகார் வருவது இதனால்தான். எப்படியும் ஒன்றாக நிற்கப்போகிற கருவிகளை மட்டும் ஒரு சங்கிலியில் போடுங்கள். அந்தக் கருவியின் கட்டுப்பாட்டு மின்சாரத்தை மோட்டார் மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனி 24 வோல்ட்டில் கொடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு கருவிக்குள்ளும் இருக்கும் குட்டி ஸ்விட்ச் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும். ப்ரொஃபினெட் வழிகாட்டி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: பாக்கெட்டை முழுதாக வாங்கி அனுப்பும் வகை ஸ்விட்ச் என்றால், 1 மில்லிசெகண்ட் புதுப்பிப்புக்குத் தொடரில் 7, 2 மில்லிசெகண்டுக்கு 14, 4 மில்லிசெகண்டுக்கு 28. அதற்கு மேல் நீட்டாதீர்கள்.

சங்கிலியின் இரு முனையையும் சேர்த்துவிட்டால் வளையம். எங்கே அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றி வரலாம். வரைபடத்தில் இதைப் பார்த்ததும் மேலாளர்கள் மகிழ்ந்துபோவார்கள், "ரிடண்டன்சி இருக்கு" என்று. வளையம் போட்டும் லைன் நிற்கும் ஆலைகள் உண்டு. ஏனென்றால் இதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

ப்ரொஃபினெட்டில் பரவலாக இருக்கும் எம்.ஆர்.பி. வளையம், 50 கருவிகள் வரை, அறுந்ததைக் கண்டுபிடித்து வழியை மாற்ற 200 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். இது முதல் கடிகாரம். ஒவ்வொரு ரிமோட் ஐ.ஓ.வும் பி.எல்.சி.யிடமிருந்து எவ்வளவு நேரம் தகவல் வராவிட்டால் "தொடர்பு போச்சு" என்று கைவிடும் என்பது இரண்டாவது. வழக்கமாகப் புதுப்பிப்பு நேரத்தைப் போல் மூன்று மடங்கு. 4 மில்லிசெகண்ட் என்று வைத்திருந்தால் 12 மில்லிசெகண்டில் அது கையைத் தூக்கிவிடும். வளையம் சுதாரிக்க 200, கருவி பொறுப்பதோ 12. வயர் அறுந்த அந்தக் கணத்தில் வளையம் தன் வேலையைச் சரியாகச் செய்யும். அதற்குள் எல்லா அவுட்புட்டும் விழுந்து கன்வேயர் நின்றிருக்கும். ஆகவே 16 மில்லிசெகண்ட் புதுப்பிப்பும் 16 மடங்குப் பொறுமையும் கொடுத்து 256 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோங்கள். கன்வேயருக்கு அது ஒத்துவருமா என்று மெக்கானிக்கல் ஆளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாத இயந்திரம் என்றால் வேறு வளையம் வேண்டும். ஈதர்நெட்/ஐ.பி. உலகில் டி.எல்.ஆர். என்ற வளையம் 50 கருவிகளுக்கு 3 மில்லிசெகண்டுக்குள் மீண்டுவிடும். இன்னும் மேலே போனால் பி.ஆர்.பி.: ஒரே பாக்கெட்டை இரண்டு தனித்தனி நெட்வொர்க்கில் அனுப்புவது, மீளும் நேரமே கிடையாது. விலையும் அதற்கேற்ப.

வளையத்தில் இன்னொரு அசட்டுத்தனத்தை அடிக்கடி பார்க்கலாம்: போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே ட்ரேயில். ஃபோர்க்லிஃப்ட் இடித்தால் இரண்டும் சேர்ந்தே அறும். காகிதத்தில் வட்டம், தரையில் ஒரே கோடு. திரும்பும் கேபிளைக் கட்டடத்தின் எதிர்ச்சுவர் வழியாகக் கொண்டுபோக முடியவில்லை என்றால் வளையத்துக்குச் செலவழிப்பதையே மறுபடி யோசிக்கலாம்.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாக: ஈதர்நெட்டை டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் படுக்கவைக்காதீர்கள், கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். கட்டடத்துக்குக் கட்டடம் போவதென்றால் ஃபைபர். இரு கட்டடத்தின் எர்த் மட்டமும் ஒன்றாக இருக்காது, மின்னலும் இருக்கிறது. கண்ணாடி இழை இரண்டையும் கடத்தாது. 100 மெகாபிட் மல்டிமோடு ஃபைபர் 2 கிலோமீட்டர் வரை போகும். தண்ணீரும் தூசியும் படும் இடத்தில் எம்12 கனெக்டர்: 100 மெகாபிட்டுக்கு டி-கோட், கிகாபிட்டுக்கு எக்ஸ்-கோட். பர்சேஸ் துறை மாற்றி வாங்கிவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது.

வேலி எங்கே போடுவது

இனி மண்டலங்கள். 1990களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவான அடுக்கு மாதிரி இன்றைக்கும் வரைபடத்தின் எலும்புக்கூடு: கீழே சென்சாரும் மோட்டாரும், மேலே பி.எல்.சி., அதற்கு மேல் ஸ்கேடா, உச்சியில் அலுவலகம். ஐ.இ.சி. 62443 தரநிலை இதையே மண்டலங்கள், அவற்றை இணைக்கும் வழிகள் என்று பேசுகிறது. நடைமுறையில் ஒரு லைன் ஒரு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் தனி வீலேன், மண்டலம் விட்டு மண்டலம் போக ஃபயர்வால் உள்ள ஒரே வாசல். அலுவலகத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓர் இடைநிலைப் பகுதி. உற்பத்தி எண்ணிக்கை கேட்கும் ரிப்போர்ட் சர்வர் அங்கே இருக்கட்டும், பி.எல்.சி.யை நேராகத் தொடக் கூடாது.

2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகளில் நடந்தது நினைவிருக்கலாம். புதிதாக வந்த ஓர் இயந்திரத்தில் மென்பொருள் நிறுவும்போது வைரஸ் பரிசோதனை விட்டுப்போனது. அதை நெட்வொர்க்கில் செருகியதும் வானாக்ரை வகை வைரஸ் ஆலைகளுக்குள் பரவி உற்பத்தி நின்றது. இணையம் வழியாக யாரும் வரவில்லை. சரக்கு லாரியில் வந்த இயந்திரமே கொண்டுவந்தது. ஃபயர்வாலை அலுவலகத்தின் பக்கம் மட்டும் பார்த்து நிறுத்துவது போதாது என்று ஐ.டி. துறைக்குப் புரியவைக்க இந்த ஒரு சம்பவம் போதும்.

இயந்திரம் தயாரிப்பவர்கள் கூடவே இன்னொரு தலைவலியையும் அனுப்புவார்கள். எல்லா இயந்திரமும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசை எண்ணோடு வரும். இரண்டாவது இயந்திரம் வந்து இறங்கும் நாளில் இரண்டு பி.எல்.சி.க்கு ஒரே முகவரி. ஆர்டர் போடும்போதே உங்கள் எண் திட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். உதாரணமாக 10.20.3 என்றால் மூன்றாவது லைன். கடைசி எண் 10 எப்போதும் பி.எல்.சி., 20 முதல் எச்.எம்.ஐ., 50 முதல் டிரைவ். எந்த லைனுக்குப் போனாலும் இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் எண்ணைப் பார்த்தே கருவியைச் சொல்லிவிடுவார். தயாரிப்பாளர் மாற்ற மறுத்தால் வாசலில் நாட் வசதியுள்ள ரவுட்டரை வைத்துச் சமாளிக்கலாம்.

ஸ்விட்சில் காசைப் பிடிக்காதீர்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் விலை அதிகம் என்று உங்கள் மேலாளர் முகம் சுளிப்பார். சாதாரண ஸ்விட்சில் யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரு முனையையும் அதே ஸ்விட்சில் செருகிவிட்டால், பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த மண்டலத்தையும் மூழ்கடிக்கும். மேனேஜ்டு ஸ்விட்ச் அதைத் தடுக்கும், எந்த போர்ட்டில் எத்தனை பிழை என்று எண்ணிச் சொல்லும், பழுது பார்க்கும்போது ஒரு போர்ட்டின் போக்குவரத்தைப் பிரதி எடுத்தும் கொடுக்கும். மல்டிகாஸ்டில் பேசும் ஈதர்நெட்/ஐ.பி. கருவிகள் இருந்தால் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கைப் போட்டுவையுங்கள். இல்லையென்றால் ஒரு கருவி ஒருவருக்குச் சொல்வது ஊருக்கே ஒலிபரப்பாகும். அதற்கு யாராவது ஒரு ஸ்விட்ச் கேள்வி கேட்பவராக, அதாவது க்வெரியராக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்னூப்பிங்கை மட்டும் போட்டுவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

வரைபடம் முடிந்ததும் ஏ3 தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பேனல் கதவின் உட்புறமும் ஒட்டச்சொல்லுங்கள். கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் இருக்கட்டும். கமிஷனிங் சமயத்தில் ஒரு மதியத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பாருங்கள். எக்செல் தாளின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்ததுதான் நிற்கிறதா? எழுதாதது எதுவும் நின்றால் லைனை ஒப்படைக்காதீர்கள். உற்பத்தி தொடங்கிய பிறகு அந்த மதியம் கிடைக்கவே கிடைக்காது.

எங்கே கற்பது

வயர்ஷார்க் இலவசம். வீட்டில் ஒரு பழைய மேனேஜ்டு ஸ்விட்ச், ஒரு ராஸ்பெரி பை போதும். கோடெசிஸ் மென்பொருளை லைசென்ஸ் இல்லாமலும் ராஸ்பெரி பையில் இரண்டு மணி நேரம் ஓட்டலாம், நின்றால் மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். அதை பி.எல்.சி.யாக்கி மாட்பஸ் டி.சி.பி.யில் பேசவிட்டு, 502ஆம் போர்ட்டில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துப் படியுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தவருக்கு ஆலையில் வயர்ஷார்க்கைத் திறக்கக் கை நடுங்காது. சான்றிதழ் வேண்டுமென்றால் ப்ரொஃபினெட் அமைப்பின் நெட்வொர்க் இன்ஜினியர் பயிற்சி நேரடியாக உதவும், சி.சி.என்.ஏ. ஐ.டி. ஆட்களோடு அவர்கள் மொழியில் பேச உதவும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், டிப்ளமோ முடித்து ஃபீல்டில் இருப்பவருக்கு நான் சொல்வது முதலாவதை.

நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள்: "16 ரிமோட் ஐ.ஓ.வில் ஒன்று மட்டும் எப்போதாவது கண நேரம் விட்டுவிட்டு வருகிறது. எங்கே ஆரம்பிப்பீர்கள்?" கேபிளை மாற்றுவேன் என்று பாய்ந்துவிடாதீர்கள். முதலில் ஸ்விட்சில் அந்த போர்ட்டின் எண்ணிக்கையைப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். சி.ஆர்.சி. பிழை ஏறிக்கொண்டிருந்தால் கேபிள், கனெக்டர், அல்லது பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிளின் இரைச்சல். பிழை இல்லாமல் லிங்க் மட்டும் விழுந்து எழுகிறது என்றால் 24 வோல்ட் சப்ளையோ தளர்ந்த பிளக்கோ. இரண்டும் சுத்தமாக இருக்கிறதென்றால் ஒரே முகவரியில் இன்னொரு கருவி, அல்லது பி.எல்.சி. போர்ட்டின் சுமை. இந்த வரிசை சொல்வதைக் கேட்டதுமே எதிரே இருப்பவருக்கு நீங்கள் ஃபீல்டில் நின்றவர் என்று தெரிந்துவிடும்.

கையில் ஒரு வரைபடமும் எடுத்துப்போங்கள். இந்தப் பெயின்ட் ஷாப் கன்வேயரையே பயிற்சிக்கு வரைந்து, வளைய நேரத்தையும் பாக்கெட் கணக்கையும் ஓரத்தில் எழுதிக் காட்டலாம். முந்தைய நிறுவனத்தின் உண்மையான வரைபடத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதை விரித்துக் காட்டுகிறவரிடம் தன் ஆலையின் ஐ.பி. பட்டியலைக் கொடுக்க எந்த மேலாளருக்கும் மனம் வராது.